இது எந்த கேம்?

டிவிக்குப் பின்னால் ஒரு சின்ன கம்ப்யூட்டரைப் பொருத்தி, வீட்டில் சேர்ந்து கிடக்கும் சினிமா, பாட்டு, பழைய வீடியோ கேம் எல்லாவற்றையும் ஒரே ரிமோட்டில் வரவழைத்துத் தருவது என் தொழில். சென்னையில் கேட்டவர்கள் வீட்டுக்குப் போய் நானே செய்து கொடுக்கிறேன். கம்பி இழுப்பதும் ஸ்பீக்கர் வைப்பதும் ஒரு மாலையில் முடிந்துவிடும். அதற்குப் பிறகுதான் வேலையே இருக்கிறது. திரையில் ஒவ்வொரு படத்துக்கும் போஸ்டர் வர வேண்டும், ஒவ்வொரு கேமுக்கும் அட்டைப்படம் வர வேண்டும். எந்த வருடம் வந்தது, யார் செய்தது, எத்தனை பேர் சேர்ந்து ஆடலாம் என்பதும் கூடவே வர வேண்டும். இந்த விவரங்கள் எல்லாம் இணையத்தில் இருக்கின்றன. ஹார்ட் டிஸ்கில் கிடக்கும் கோப்பு அவற்றில் எதற்கு உரியது என்று கண்டுபிடித்து இரண்டையும் சேர்த்துவைப்பதில்தான் என் நேரம் போகிறது.

சினிமாவில் இது பெரிய பாடு இல்லை. பில்லா என்று தேடினால் ரஜினி படமும் வரும், அஜித் படமும் வரும். கோப்பின் பெயரில் 1980 அல்லது 2007 என்று வருடத்தைச் சேர்த்துவிட்டால் தகராறு தீர்ந்தது. கேமுக்கு வருடம் போதாது. சோனிக் தி ஹெட்ஜ்ஹாக் 1991ல் சேகாவின் மெகா டிரைவுக்கு வந்தது. அதே வருடம், அதே பெயரில் மாஸ்டர் சிஸ்டத்துக்கும் வந்தது. சின்ன மெஷினுக்காகச் சுருக்கிய அதே கேம்தான் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆடிப் பார்த்தால் கட்டங்களே வேறு. 2006ல் அதே பெயரை மூன்றாவது முறையும் ஒரு புது கேமுக்கு வைத்தார்கள். எனவே எந்த மெஷினுக்கு உரியது என்று முதலில் தெரியாமல் கேம் கோப்பில் கை வைக்கக் கூடாது. கோப்புகளை மெஷின் வாரியாகத் தனித்தனி ஃபோல்டரில் பிரித்த பிறகே நான் அடுத்த வேலையைத் தொடங்குவேன்.

நான் இந்த வேலைக்கு வந்த காலத்தில், டிவியில் இதையெல்லாம் ஓட்டும் மென்பொருளுக்குக் கோடி என்ற பெயர் கிடையாது. எக்ஸ்பிஎம்சி என்றுதான் சொல்வோம். முதல் எக்ஸ்பாக்ஸுக்காக எழுதப்பட்ட மென்பொருள் அது. 2008 கடைசியில் வந்த அட்லாண்டிஸ் பதிப்பில்தான் விண்டோஸ், லினக்ஸ், மேக் எல்லாவற்றிலும் ஓடத் தொடங்கியது. 2014ல் கோடி ஆனது. சினிமாவுக்கும் சீரியலுக்கும் அதற்குள்ளேயே ஸ்கிராப்பர் இருந்தது. கோப்பின் பெயரைப் பார்த்து இணையத்திலிருந்து விவரத்தை எடுத்து வந்துவிடும். கேமுக்கு அப்படி எதுவும் இல்லை. ரோம் கலெக்‌ஷன் பிரௌசர், அட்வான்ஸ்டு லாஞ்சர் போன்ற ஆட்-ஆன்களைத் தனியாகப் போட்டு ஓட்டினோம். 2019ல் வந்த லியா பதிப்பில் கேம் ஆடும் வசதி கோடிக்குள்ளேயே வந்தது. அப்போதும் சினிமாவுக்கு இருக்கும் லைப்ரரி மாதிரி கேமுக்கு ஒன்று கூடவே வரவில்லை. எனவே பொருத்தம் பார்க்கும் வேலை எங்களைப் போன்றவர்கள் கையிலேயே நின்றது.

அந்தக் காலத்துப் பொருத்தம் முழுக்கப் பெயரை வைத்துத்தான். கோப்பின் பெயரை எடு, அடைப்புக்குறிக்குள் இருப்பதை வெட்டு, மிச்சத்தைத் தரவுத்தளத்தில் தேடு, முதலில் வருவதை ஒட்டு. பத்துக்கு ஆறு சரியாக வரும். மிச்ச நான்கும் தவறு என்று திரை சொல்லாது, அங்கேதான் ஆபத்து. அட்டைப்படம் பளபளவென்று இருக்கும், வருடம் இருக்கும், பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே தோன்றும்.

வேறொருவர் அமைத்துவிட்டுப் போன பெட்டியைச் சரிபார்க்க ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். எட்டாம் வகுப்புப் படிக்கும் பையன் பக்கத்தில் உட்கார்ந்து, "அங்கிள், இந்தக் கதையில வர்ற யாருமே கேம்ல இல்ல" என்றான். திரையில் இருந்தது ஃபைனல் ஃபேன்டஸி மூன்று. பெயரில் தவறே இல்லை. ஆனால் அந்தப் பெயரில் இரண்டு கேம்கள் உண்டு. 1990ல் ஜப்பானில் நின்டெண்டோவின் ஃபேமிகாமுக்கு வந்ததுதான் உண்மையான மூன்றாம் பாகம். 1994ல் அமெரிக்காவில் சூப்பர் நின்டெண்டோவுக்கு மூன்று என்று எண் போட்டு விற்றது ஜப்பானின் ஆறாம் பாகத்தை. நடுவில் சில பாகங்கள் அமெரிக்காவுக்கு வரவே இல்லை என்பதால் எண்ணை மாற்றிக்கொண்டார்கள். பையன் ஆடிக்கொண்டிருந்தது ஆறு. பெட்டி காட்டிய கதைச்சுருக்கம் மூன்றினுடையது. சூப்பர் மேரியோ பிரதர்ஸ் இரண்டிலும் இதே சிக்கல். 1986ல் ஜப்பானில் அந்தப் பெயரில் வந்த கேம் வேறு. 1988ல் அமெரிக்காவில் வந்தது, டோக்கி டோக்கி பேனிக் என்ற இன்னொரு கேமை மேரியோவுக்காக மாற்றியமைத்தது. அதுவே பின்னால் ஜப்பானுக்குத் திரும்பியபோது சூப்பர் மேரியோ யுஎஸ்ஏ என்று பெயர் வாங்கியது.

அந்தப் பையன் அட்டைப்படத்தையும் கதையையும் நம்பித்தான் கேமைத் திறந்தான். வெறும் கட்டமாக விட்டிருந்தால் அவனே ஆடிப் பார்த்து இது என்ன என்று தெரிந்துகொண்டிருப்பான். நிச்சயமில்லாத இடத்தைக் காலியாக விட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். "எல்லாத்துக்கும் படம் வந்துடுச்சா?" என்றுதான் வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். வந்த படமெல்லாம் சரியா என்று கேட்பவர் அபூர்வம். அதைக் கேட்க வேண்டியவன் நான்.

வேடிக்கை என்னவென்றால், வேண்டிய தகவல் பல சமயம் வெட்டி எறிந்த அடைப்புக்குறிக்குள்ளேயே இருந்தது. கவரிங் என்ற புனைபெயரில் ஒருவர் எழுதிய குட்டூல்ஸ் மென்பொருள் அந்த நாளில் எல்லோரிடமும் இருக்கும். அமெரிக்கப் பதிப்புக்கு யு, ஜப்பானுக்கு ஜே, ஐரோப்பாவுக்கு இ என்று பெயரின் வாலில் குறி போடும். சரிபார்த்த பிரதி என்றால் சதுர அடைப்புக்குறிக்குள் ஆச்சரியக்குறி, கெட்டுப்போன பிரதி என்றால் பி, யாரோ மாற்றியது என்றால் எச். பிறகு நோ-இன்ட்ரோ வந்தது. யுஎஸ்ஏ, யூரோப், ஜப்பான் என்று நாட்டையே முழுதாக எழுதி, திருத்திய பதிப்பையும் தனியே குறித்தார்கள். கேசட்டுகளுக்கு நோ-இன்ட்ரோ, டிஸ்க்குகளுக்கு ரீடம்ப், பழைய ஹோம் கம்ப்யூட்டர்களுக்கு டோசெக் என்று இன்றைக்கு மூன்று பெரிய பட்டியல்கள் இருக்கின்றன. யாரோ தெரியாத மனிதர்கள் தங்களிடம் இருக்கும் கேசட்டைப் படித்து, அளவையும் ஹாஷ் என்ற அடையாள எண்ணையும் குறித்து, இன்னொருவருடையதோடு ஒத்துப்பார்த்துச் சேர்த்த பட்டியல்கள். என் வேலை முழுவதும் இவர்கள் உழைப்பின் மேல்தான் நிற்கிறது. இதை எங்கே பேசினாலும் சொல்லுவேன்.

பெயரிலிருந்து ஹாஷுக்கு மாறியதுதான் நான் பார்த்த மாற்றங்களிலேயே பெரியது. கோப்பின் ஒவ்வொரு பைட்டையும் கணக்கில் எடுத்து ஒரு எண்ணை உருவாக்குவது ஹாஷ். சிஆர்சி32 என்றால் எட்டு எழுத்து. ஒரு பைட் மாறினாலும் எண் மாறிவிடும். கோப்புக்கு நீங்கள் 'அப்பாவின் கேம்' என்றே பெயர் வைத்திருந்தாலும் ஹாஷ் அது எந்த கேம், எந்த நாட்டுப் பதிப்பு என்று சொல்லிவிடும். பிரான்ஸ்காரர்கள் நடத்தும் ஸ்கிரீன்ஸ்கிரேப்பர் போன்ற தளங்கள் சிஆர்சி, எம்டி5, எஸ்எச்ஏ1 மூன்றையும் ஏற்றுக்கொள்கின்றன. ஜிப் கோப்பில் இன்னொரு சௌகரியம் உண்டு. உள்ளே இருக்கும் கோப்பின் சிஆர்சி ஜிப்பிலேயே எழுதியிருக்கும். பிரிக்காமலே படித்துக்கொள்ளலாம். ஜிப்பின் ஹாஷை எடுத்து அனுப்பினால் எதுவும் கிடைக்காது, உள்ளே இருப்பதன் ஹாஷ்தான் வேண்டும். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் முட்டிக்கொள்ளும் முதல் இடம் இது.

ஹாஷும் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் சமாச்சாரம் இல்லை. ஒரே கேம், ஒரே பதிப்பு, இரண்டு ஹாஷ் என்பது அன்றாடம் நடக்கும். நின்டெண்டோவின் என்இஎஸ் கோப்புகளின் தலையில் பெரும்பாலும் 16 பைட் இருக்கும். ஐநெஸ் என்ற எமுலேட்டருக்காக (பழைய மெஷினைப் போல நடித்து கேமை ஓட்டும் மென்பொருள்) உருவாக்கிய தலைப்பு அது, கேசட்டுக்குள் இருந்ததில்லை. அதையும் சேர்த்து எடுத்தால் ஒரு ஹாஷ், விட்டுவிட்டு எடுத்தால் வேறு ஹாஷ். சூப்பர் நின்டெண்டோவில் அந்தக் காலத்துக் காப்பியர் கருவிகள் முன்னால் 512 பைட் ஒட்டிவிட்டன. கோப்பின் அளவை 1024ஆல் வகுத்து 512 மிஞ்சினால் தலை ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். நின்டெண்டோ 64ல் பைட்டுகளின் வரிசையே மூன்று விதம். 80 37 12 40 என்று தொடங்கினால் நேர் வரிசை. 37 80 40 12 என்றால் இரண்டிரண்டாகப் புரட்டியது. 40 12 37 80 என்றால் நான்கு நான்காகத் தலைகீழானது. கேம் ஒன்றேதான். நல்ல ஸ்கிராப்பர் இதையெல்லாம் நேராக்கிவிட்டுத்தான் ஹாஷ் எடுக்கும். எது நேராக்குகிறது, எது அப்படியே எடுக்கிறது என்று ஒரு முறை சோதித்துவிட்டு, பிறகே புதுக் கருவியைக் கையில் எடுப்பேன்.

துபாயில் பல வருடம் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர் தன் பிள்ளைகள் ஆடிய மெகா டிரைவ் கேசட்டுகளை ஒரு அட்டைப்பெட்டி நிறைய வைத்திருந்தார். பேரன் டிவியில் ஆட வேண்டும் என்பது ஆசை. இணையத்தில் எங்கிருந்தோ இறக்கிப் போடுவதை நான் செய்வதில்லை. சொந்தக் கேசட்டைக் கொடுத்தால் ரீடரில் செருகிப் படித்துக் கொடுப்பேன். ஒவ்வொன்றாகப் படித்து ஹாஷ் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு கேசட் மட்டும் எந்தப் பட்டியலிலும் அகப்படவில்லை. கோப்பைத் திறந்து பார்த்தால் 256ஆவது பைட்டில் சேகா மெகா டிரைவ் என்ற எழுத்து ஒழுங்காக இருக்கிறது, அதற்குக் கீழே கேமின் பெயரும் இருக்கிறது. "என்ன தம்பி, கேசட் போயிடுச்சா?" என்றார். "இருங்க சார், இன்னொரு வாட்டி படிச்சுப் பாக்கலாம்" என்று மறுபடி படித்தேன். ஹாஷ் மாறியது. மூன்றாம் முறை படித்தபோது இன்னொரு ஹாஷ் வந்தது.

இந்த இடத்தில்தான் அனுபவம் உதவும். எத்தனை முறை படித்தாலும் அதே ஹாஷ் வந்து, பட்டியலில் மட்டும் இல்லை என்றால் அது யாரும் இதுவரை பதிவு செய்யாத பதிப்பாக இருக்கலாம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு வந்தால் கேசட்டுக்கும் ரீடருக்கும் நடுவில் தொடுப்புச் சரியில்லை. ஓட்டைப் பிரித்தேன். தங்க முலாம் பூசிய பின்கள் மேல் கறுப்பாக ஒரு படலம். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை நனைத்து, பின்னின் நீளவாக்கிலேயே தேய்த்தேன். குறுக்கே தேய்த்தால் அழுக்கு பின்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்துவிடும். குச்சி கறுப்பாவது நின்ற பிறகு காயவிட்டுச் செருகினேன். இரண்டு முறை ஒரே ஹாஷ். நோ-இன்ட்ரோ பட்டியலில் அதே எண், ஐரோப்பியப் பதிப்பு என்று. மெகா டிரைவ் கேசட்டின் தலைப்பகுதியில் இரண்டு பைட்டில் ஒரு செக்சம் எழுதியிருப்பார்கள். அதையும் கூட்டிப் பார்த்தேன், ஒத்துப்போனது. பெயரை வைத்துப் பொருத்தம் பார்க்கும் ஆளாக இருந்தால் முதல் தடவையே அட்டைப்படத்தை ஒட்டிவிட்டு நகர்ந்திருப்பார். பேரன் நான்காவது கட்டத்துக்குப் போகும்போது கேம் உறைந்து நின்றிருக்கும்.

ஆர்கேட் கேம்களின் வழக்கம் தனி. 1997ல் இத்தாலிக்காரர் நிக்கோலா சால்மோரியா தொடங்கிய மேம் எமுலேட்டரில் கோப்பின் பெயர்தான் அடையாளம்: ஸ்ட்ரீட் ஃபைட்டர் இரண்டுக்கு எஸ்எஃப்2, பேக்மேனின் ஜப்பானியப் பதிப்புக்குப் பக்மேன். பார்க்க அழகாக இல்லை என்று அதைத் திருத்தி எழுதினால் கேம் ஓடாது, பொருத்தமும் வராது. உள்ளே ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு கோப்பு. மேமின் பதிப்பு மாறும்போது சில கேம்களுக்கு எந்தெந்த சிப் வேண்டும் என்பதே மாறும். எனவே எமுலேட்டர் எந்தப் பதிப்போ அதே பதிப்பின் பட்டியலை வைத்துத்தான் சரிபார்ப்பேன்.

டிஸ்க் கேம்கள் எனக்குப் பிடித்தவை. பிளேஸ்டேஷன் டிஸ்க்கின் உள்ளே சிஸ்டம்.சிஎன்எஃப் என்று ஒரு சின்ன எழுத்துக் கோப்பு இருக்கும். எந்தக் கோப்பிலிருந்து கேம் தொடங்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். அந்தக் கோப்பின் பெயரே டிஸ்க்கின் வரிசை எண். எஸ்எல்யுஎஸ் என்று தொடங்கினால் அமெரிக்கா, எஸ்எல்இஎஸ் என்றால் ஐரோப்பா, எஸ்எல்பிஎஸ் என்றால் ஜப்பான். 600, 700 மெகாபைட் கோப்பை முழுதாகப் படித்து ஹாஷ் எடுக்க ஒரு சின்னப் பெட்டிக்கு நேரம் பிடிக்கும். இந்த எண்ணை எடுக்க ஒரு நொடி போதும். ஸ்கம்விஎம் மென்பொருளும் இதே சிக்கனத்தோடு ஒரு கோப்பின் முதல் 5000 பைட்டை மட்டும் எடுத்து எம்டி5 பார்த்துக் கேமைக் கண்டுபிடிக்கிறது. டிஸ்க்கில் தொல்லை தருவது ஒன்றே ஒன்றுதான். ஃபைனல் ஃபேன்டஸி ஏழு மூன்று டிஸ்க்கில் வந்தது, மூன்றுக்கும் தனித்தனி எண். அப்படியே விட்டால் திரையில் மூன்று கேமாகத் தெரியும். மூன்றையும் ஒரு எம்3யு பட்டியலில் எழுதி, அந்தப் பட்டியலுக்கே விவரத்தைப் பொருத்த வேண்டும்.

தரவுத்தளங்களும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. 1999ல் ஆர்வலர்கள் தொடங்கிய மோபிகேம்ஸ் 2022ல் அட்டாரியிடம் போனது. ஐஜிடிபியை 2019ல் ட்விட்ச் வாங்கியது. நான் நம்பியிருந்த ஒரு தளம் திடீரென்று பழைய இணைப்பு முறையை நிறுத்திவிட்டு, புதுச் சாவி வாங்கினால்தான் உண்டு என்றது. அன்றைக்கு நான் அமைத்துக் கொடுத்த வீடுகளில் எந்தத் திரையும் காலியாகவில்லை. இணையத்திலிருந்து வந்த விவரத்தையும் படத்தையும் கேமுக்குப் பக்கத்திலேயே, அவர்கள் ஹார்ட் டிஸ்கிலேயே எழுதிவைப்பது என் வழக்கம். எமுலேஷன்ஸ்டேஷனில் என்றால் கேம்லிஸ்ட் என்ற எக்ஸ்எம்எல் கோப்பு. அதன் பிரதி ஒன்றை வாடிக்கையாளர் கையில் தனியாகவும் கொடுத்துவிடுவேன். இலவசத் தளங்கள் ஒரு நாளைக்கு இத்தனை தேடல் என்று வரம்பும் வைத்திருக்கின்றன. அது நியாயம்தான், சர்வர் செலவை யாரோ கைக்காசு போட்டுக் கொடுக்கிறார்கள். நாமும் விடுபட்ட விவரத்தை ஏற்றிக் கொடுத்தால் சில தளங்களில் அந்த வரம்பு கூடும்.

எந்தத் தளத்திலும் எளிதில் பொருத்தம் கிடைக்காதவை நம் ஊர்க் கேசட்டுகள். தொண்ணூறுகளில் தமிழ்நாட்டு வீடுகளில் இருந்தவற்றில் பெரும்பாலானவை ஃபேமிகாமின் நகல் பெட்டிகள். '9999 இன் 1' என்று ஒட்டிய மஞ்சள் கேசட்டைத் தெரியாதவர் என் வயதில் குறைவு. உள்ளே உண்மையில் இருப்பது சில கேம்கள்தான். அவற்றையே தொடங்கும் கட்டத்தை மாற்றி, உயிரின் எண்ணிக்கையைக் கூட்டி, வேறு வேறு பெயரில் மெனு முழுக்க நிரப்பியிருப்பார்கள். அசல் ஃபேமிகாமைப் போலவே இவற்றுக்கும் 60 பின், அமெரிக்க என்இஎஸ்ஸுக்கு 72. பிரித்துப் பார்த்தால் பெயர் அச்சிட்ட சிப் எதுவும் இருக்காது, பலகையில் கறுப்புப் பிசின் ஒரு சொட்டு மட்டும் உறைந்திருக்கும். மெனுவிலிருந்து கேமுக்குத் தாவ எந்தச் சுற்று வேலை செய்கிறது என்று தெரியாமல் ரீடரால் முழுதாகப் படிக்க முடியாது. தெரிந்த முறைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, மெனுவில் இருப்பதெல்லாம் ஓடுகிறதா என்று ஆடிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

இவற்றில் அதிகமாகக் கேட்கப்படுவது கான்ட்ரா. அமெரிக்காவில் 1988ல் வந்ததற்கு ஒரு அட்டைப்படம். ஜப்பானியப் பதிப்பில் கொனாமி தனியாக ஒரு சிப் வைத்ததால் பனி விழும், மரங்கள் அசையும், நடுநடுவே கதைக் காட்சிகள் வரும். அதற்கு வேறு அட்டைப்படம். ஐரோப்பாவில் அது புரோபோடெக்டர், வீரர்களுக்குப் பதில் ரோபோக்கள். எதை ஒட்டுவது? நம் ஆட்கள் கையில் வைத்திருந்தது இவற்றில் எதுவுமே இல்லை. அட்டைப்பெட்டியையே அவர்கள் பார்த்ததில்லை. ஒரு பெண்மணி, அண்ணனும் தானும் சண்டை போட்டு ஆடிய கேசட்டைக் கொண்டுவந்திருந்தார். அதன் மேல் ஒட்டியிருந்த படம் ஏதோ ஒரு ஹாலிவுட் படத்திலிருந்து வெட்டியது, கேமுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நான் அமெரிக்க அட்டைப்படத்தைக் காட்டினேன். "இது யாரோடதோ மாதிரி இருக்குண்ணா" என்றார். அந்த லேபிளையே ஸ்கேன் செய்து, ஒரு மூலையில் பேனாவால் எழுதியிருந்த அவர் அண்ணன் பெயரோடு சேர்த்து, அட்டைப்படமாக வைத்துக் கொடுத்தேன். விவரத்தில் கான்ட்ரா என்று வெறுமனே எழுதவில்லை. அமெரிக்கப் பதிப்பை மாற்றிய நகல், தயாரித்தவர் தெரியவில்லை, ஆண்டு தெரியவில்லை என்று எழுதினேன்.

சில பட்டியல்கள் உரிமமில்லாத கேசட்டுகளுக்கும் இடம் தருகின்றன. அவற்றுக்காக நான் எடுத்து வைப்பது: லேபிளின் ஸ்கேன், பலகையின் இரண்டு பக்கப் புகைப்படம், கோப்பின் அளவு, ஹாஷ், மெனுவில் பெயர்கள் வரும் வரிசை. ஒரே லேபிள் ஒட்டிய இரண்டு கேசட்டுக்குள் வேறு வேறு பலகை இருந்ததைப் பார்த்திருக்கிறேன் என்பதால் பலகையின் படத்தை விடுவதே இல்லை. வீட்டைக் காலி செய்யும்போது இவற்றைக் குப்பைக்குப் போடாமல் என்னிடம் கொடுத்தால் படித்துவிட்டுத் திருப்பித் தருகிறேன் என்று வாடிக்கையாளர்களிடம் கேட்டுவைத்திருக்கிறேன். பின் துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை, ஓடு உடைந்திருந்தாலும் பரவாயில்லை. லேபிளை மட்டும் கிழிக்காமல் கொண்டுவரச் சொல்கிறேன்.